தாவலா, விரிப்பா, கீச்சா: ரேடியோ மோடம் தேர்ந்தெடுக்கும் முன்

பம்பு ஓரிடம், மேல்நிலைத் தொட்டி வேறிடம். நடுவில் 10 கி.மீ. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பம்புக்குத் தெரிய வேண்டும். குறைந்தால் ஓட வேண்டும், நிரம்பினால் நிற்க வேண்டும். அனுப்ப வேண்டிய தகவல் சில பைட்டுகள்தான். ஆனால் வழியெல்லாம் அடுத்தவர் நிலம், சாலை, ஓடை. கேபிள் இழுக்க வாய்ப்பே இல்லை. "ரேடியோ மோடம் போட்டுவிடலாமே" என்பார் ஒருவர். எல்லோரும் தலையாட்டுவார்கள். மறுநாள் நான்கு விவரத்தாள்கள் மேஜைக்கு வரும். ஒன்றில் எஃப்.எச்.எஸ்.எஸ். (தாவல்) என்றிருக்கும், இன்னொன்றில் டி.எஸ்.எஸ்.எஸ். (விரிப்பு), மூன்றாவதில் லோரா (கீச்சு), நான்காவதில் உரிமம் வாங்கி இயக்கும் யு.எச்.எஃப். நான்கும் 10 கி.மீ. தாராளமாகப் போகும் என்று சொல்லும். எதுவும் பொய்யில்லை. அதுதான் சிக்கல்.

இந்த வேலையில் இருப்பதால் என்னிடம் அதிகம் வரும் கேள்வி, "எது ரொம்ப தூரம் போகும்?" என்பது. அடுத்தது "எது வேகம்?" இரண்டையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கெடும்போது எது எப்படிக் கெடும்? எந்த ரேடியோ இணைப்பும் வருடத்தில் ஏதோ ஒரு நாள் தடுமாறத்தான் செய்யும். அப்போது அது மெதுவாகுமா, விட்டுவிட்டு வருமா, மொத்தமாகப் படுத்துவிடுமா? இந்த மூன்றில் உங்கள் வேலை எதைத் தாங்கும்? இதற்குப் பதில் கிடைத்தால் பாதித் தேர்வு முடிந்த மாதிரி.

ஒரே இடத்தில் நிற்காத ரேடியோ

சாதாரண ரேடியோ ஒரு குறுகிய அலைவரிசையைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நிற்கும். அதே வரிசையில் வேறு எவராவது பேசினால் கதை முடிந்தது. ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம் என்பது தகவலுக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு அகலமான அலைப்பரப்பில் அதைப் பரப்பி அனுப்புகிற முறை. பரப்புவதற்கு இரண்டு பழைய வழிகள் உண்டு. ஒன்று, அலைவரிசை விட்டு அலைவரிசை தாவிக்கொண்டே இருப்பது. இன்னொன்று, ஒரே இடத்தில் இருந்தபடி சிக்னலையே மெல்லிசாக விரித்துவிடுவது. மூன்றாவதாகப் பின்னால் வந்தது லோராவின் கீச்சு முறை.

தாவும் யோசனைக்கு ஒரு சுவையான முன்கதை உண்டு. நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்டைலும் சேர்ந்து, எதிரி குழப்ப முடியாதபடி டார்ப்பிடோவை ரேடியோவில் வழிநடத்தும் முறைக்கு 1942-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். அதில் சொல்லப்பட்ட அலைவரிசைகள் 88. பியானோவில் இருக்கும் கட்டைகளும் 88. தானாக வாசிக்கும் பியானோவின் துளையிட்ட காகிதச் சுருளே எந்த அலைவரிசைக்கு அடுத்து எதற்குத் தாவுவது என்பதைத் தீர்மானிக்கும் என்பது அவர்கள் திட்டம். இன்று அந்தச் சுருளின் வேலையை ஒரு சிறு சிப் பார்க்கிறது. அனுப்பும் மோடமும் வாங்கும் மோடமும் ஒரே சுருளை வைத்திருந்தால்தான் பேச முடியும் என்பது மட்டும் மாறவில்லை.

வெகுகாலம் ராணுவத்திடம் இருந்த இந்தத் தொழில்நுட்பம், அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்.சி.சி. 1985-ல் சில அலைப்பட்டைகளை உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்த பிறகே நம் மேஜைக்கு வந்தது. 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ், 5.8 கிகாஹெர்ட்ஸ் ஆகிய மூன்றும் அப்போது திறந்த கதவுகள். 1997-ல் வந்த முதல் வைஃபை தரமான 802.11-ல் தாவல், விரிப்பு இரண்டுமே இடம்பெற்றன. இரண்டுக்கும் வேகம் 1 அல்லது 2 மெகாபிட். வேகத்தைக் கூட்ட வேண்டிய வைஃபை விரிப்பைப் பிடித்துக்கொண்டு பிறகு அதையும் விட்டு, தகவலைப் பல சிறு அலைகளில் பிரித்து அனுப்பும் ஓ.எஃப்.டி.எம்.முக்குப் போய்விட்டது. பம்பு, வால்வு, மின்மாற்றி என்று வெட்டவெளியில் கிடக்கும் கருவிகளோடு பேச வேண்டியவர்களில் பலர் தாவலிலேயே தங்கிவிட்டார்கள். பழமைப்பற்று காரணமல்ல.

தாவும் மோடம்

902–928 பட்டையில் எஃப்.சி.சி. விதி இப்படி இருக்கிறது: தாவும் ஒவ்வொரு வரிசையும் 250 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைவான அகலம் என்றால், குறைந்தது 50 வரிசைகளில் தாவ வேண்டும். எந்த 20 விநாடியிலும் ஒரே வரிசையில் மொத்தம் 0.4 விநாடிக்கு மேல் இருக்கக் கூடாது. 1 வாட் வரை அனுப்பலாம். இந்த விதிக்குள்ளேயே அதன் குணமும் இருக்கிறது. 50 வரிசைகளில் 5-ஐ யாரோ அடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். பத்தில் ஒரு தாவல் வீணாகும். அதில் போன பாக்கெட்டுக்கு "வந்து சேர்ந்தது" என்ற ஒப்புகை வராது, அடுத்த தாவலில் மறுபடி போகும். மேலே இருப்பவருக்குத் தெரிவது சற்றுத் தாமதம் மட்டுமே. 10 வரிசைகள் அடைபட்டாலும் இணைப்பு அறாது, நொண்டிக்கொண்டே வேலையைப் பார்க்கும். ப்ளூடூத் இதே வேலையை 79 வரிசைகளில் விநாடிக்கு 1600 முறை செய்கிறது. 2003-ல் வந்த 1.2 பதிப்பிலிருந்து, கெட்ட வரிசைகளைக் கண்டுபிடித்துத் தாண்டிப்போகவும் கற்றுக்கொண்டது.

படிப்படியாகத் தேய்வது, ஆனால் அறுந்துபோகாதது. தாவலை நான் விரும்புவதற்கு முதல் காரணம் இது.

இதற்குக் கொடுக்கும் விலையையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு தாவலுக்கும் ரேடியோ புது அலைவரிசையில் நிலைகொள்ளச் சிறிது நேரம் வீணாகும். மின்சாரம் போய் வந்தால் தொலைவில் இருக்கும் மோடம் மாஸ்டரின் (மற்றவற்றைக் கூப்பிட்டுக் கேட்கும் மைய மோடத்தின்) தாவல் ஒழுங்கை மறுபடி தேடிப் பிடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பைட்டுகள் சீரான ஓட்டமாக வராது, கொத்துக்கொத்தாக வரும். இந்தக் கடைசி விஷயம் என் இரண்டு நாளைத் தின்றிருக்கிறது.

மோட்பஸ் ஆர்.டி.யு. (தொழிற்சாலைக் கருவிகள் கேள்வி-பதிலாகப் பேசும் சீரியல் மொழி) பேசும் ஒரு பி.எல்.சி. (கருவிகளை இயக்கும் சிறு கட்டுப்பாட்டுக் கணினி). சீரியல் வேகம் 9600. சிக்னல் மைனஸ் 75 டி.பி.எம். (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்டுச் சொல்லும் பலம்; மைனஸில் எண் சிறிதானால் பலம் கூடுதல்), குறை சொல்ல முடியாத அளவு. ஒரு ரெஜிஸ்டரை (பி.எல்.சி. வைத்திருக்கும் ஓர் எண்ணை) கேட்டால் உடனே பதில் வருகிறது. 60 ரெஜிஸ்டர்களைச் சேர்த்துக் கேட்டால் சில நேரம் வருகிறது, சில நேரம் டைம் அவுட். ஆன்டெனாவைத் திருப்பினேன், கனெக்டரை மாற்றினேன், உயரத்தைக் கூட்டினேன். சிக்னல் இன்னும் நன்றாக ஆனதே தவிர கோளாறு போகவில்லை. பிறகுதான் லாப்டாப்பைச் சீரியல் கம்பியில் மாட்டிப் பைட்டுகளின் நேரத்தைப் பார்த்தேன். மோட்பஸ் ஆர்.டி.யு.வில் ஒரு செய்தி முடிந்ததற்கு அடையாளம் மூன்றரை எழுத்து நேர மௌனம். 9600 வேகத்தில், ஓர் எழுத்துக்கு 11 பிட் என்றால், அது ஏறத்தாழ 4 மில்லிவிநாடி. 60 ரெஜிஸ்டர் பதில் 125 பைட். மோடம் அதை இரண்டு பாக்கெட்டாக வெட்டி அனுப்பியிருக்கிறது. இரண்டாவது துண்டு கெட்ட வரிசையில் மாட்டி, அடுத்த தாவலில் மறுபடி போய்ச் சேரும்போது நடுவில் 20 மில்லிவிநாடி இடைவெளி. கேட்டுக்கொண்டிருந்த கணினி, செய்தி முடிந்துவிட்டது என்று நினைத்து, சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை என்று தூக்கி எறிந்துவிடுகிறது. ரேடியோ ஒரு பைட்டைக் கூடத் தொலைக்கவில்லை. மோடத்தின் பாக்கெட் அளவை 256 பைட்டுக்கு ஏற்றி, முழுச் செய்தியும் சேர்ந்த பிறகே சீரியலில் வெளியே விடும்படி அமைத்ததும் சரியானது. மோட்பஸ் ஆர்.டி.யு.வின் மிகப் பெரிய செய்தியே 256 பைட்தான்.

ஆகவே தாவும் மோடத்தின் விவரத்தாளில் தூரத்தைப் பார்ப்பதற்கு முன் பாக்கெட் அளவையும் மோட்பஸுக்கென்று தனி அமைப்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

விரிக்கும் மோடம்

டி.எஸ்.எஸ்.எஸ். தாவாது. ஒவ்வொரு பிட்டையும் பல சிறு துண்டுகள் கொண்ட ஒரு குறியீட்டால் பெருக்கி அகலமாக்கி அனுப்பும். துண்டுக்குச் சிப் என்று பெயர். முதல் வைஃபையில் ஒரு பிட்டுக்கு 11 சிப்கள், பார்க்கர் குறியீடு. வாங்கும் மோடம் அதே குறியீட்டால் மறுபடி பெருக்கும்போது நம் சிக்னல் சுருங்கி எழுந்து நிற்கும். குறுக்கே வந்த வேறு சிக்னலோ அந்தப் பெருக்கலில் விரிந்து கரைந்துவிடும்.

இதன் அழகை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் ஜி.பி.எஸ்.ஸைப் பாருங்கள். 1023 சிப் குறியீடு, விநாடிக்கு 10.23 லட்சம் சிப், ஆனால் தகவல் வேகம் வெறும் 50 பிட். தரைக்கு வரும்போது சிக்னல் சுமார் மைனஸ் 130 டி.பி.எம்., அதாவது இரைச்சலுக்கு அடியில் புதைந்து கிடக்கும். விரிப்பு தரும் லாபம் 43 டெசிபெல் என்பதால் தோண்டி எடுத்துவிட முடிகிறது.

விற்பனையாளர் ஜி.பி.எஸ். கதையைச் சொல்லிவிட்டு 11 சிப் மோடத்தைக் கையில் கொடுக்கும்போதுதான் உஷாராக வேண்டும். 11 சிப்புக்கு லாபம் 10.4 டெசிபெல். பிட்டைப் பிழையில்லாமல் பிரித்தெடுக்க டீமாடுலேட்டருக்குச் சுமார் 10 டெசிபெல் வேண்டும். கழித்தால் கையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. நம் சிக்னலும் இடைஞ்சலும் சம பலத்தில் வந்தால் எப்படியோ தப்பிக்கலாம், இடைஞ்சல் கொஞ்சம் மேலே போனால் முடிந்தது. கெட்ட வரிசையிலிருந்து எழுந்து வேறிடம் போகும் பழக்கம் இதற்கு இல்லை. 22 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைப் பிடித்து உட்கார்ந்திருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத இடம் 1, 6, 11 என்று மூன்றுதான், மூன்றிலும் ஏற்கெனவே வைஃபை இருக்கும். நேற்று வரை நூற்றுக்கு நூறு வேலை செய்த இணைப்பு, பக்கத்துக் கட்டடத்தில் யாரோ ஒரு புதுப் பெட்டியை ஆன் செய்ததும் நூற்றுக்குப் பூஜ்யமாகும். மேட்டிலிருந்து சரிவில் இறங்குவது வேறு, விளிம்பிலிருந்து விழுவது வேறு. இது இரண்டாவது ரகம்.

அருகில் இருப்பவர் தொல்லையும் இதில் கூடுதல். மாஸ்டருக்கு 200 மீட்டரில் ஒரு மோடம், 8 கி.மீ.யில் இன்னொன்று, இரண்டும் ஒரே நேரத்தில் பேசினால் பக்கத்தில் இருப்பது தூரத்தில் இருப்பதை விழுங்கிவிடும். விரிப்பு முறையில் பேசிய சி.டி.எம்.ஏ. கைபேசிகள் இதைச் சமாளிக்க விநாடிக்கு 800 முறை அனுப்பு பலத்தைத் திருத்திக்கொண்டிருந்தன. மலிவான மோடத்திடம் அதை எதிர்பார்க்க முடியாது. முறை வைத்துப் பேசவிட்டால் இந்தத் தொல்லை வராது.

அப்படியானால் இது எதற்கு? வேகத்துக்கும் சீரான தாமதத்துக்கும். தாவும்போது வீணாகும் நேரம் இல்லை, பைட்டுகள் ஒழுங்காக வந்து சேரும். நேரெதிர் பார்வை இருக்கும் இரண்டு புள்ளிகள், நடுவில் சுத்தமான வெளி, கேமரா படம் மாதிரி கனமான தகவல் என்றால் தாவும் மோடம் மூச்சுத் திணறும். அங்கே விரிப்பும் அதன் வாரிசான ஓ.எஃப்.டி.எம்.மும்தான் சரி. தொழிற்சாலை வளாகத்துக்குள் இரண்டையும் கலந்த ஒன்று இருக்கிறது: வயர்லெஸ் ஹார்ட். 4 பிட்டுக்கு 32 சிப் என்று விரித்து, 15 வரிசைகளில் தாவி, 10 மில்லிவிநாடிக்கு ஒரு முறை என்று நேரத்தையும் பங்கு போடும். குழாய்களுக்கும் இரும்புத் தளங்களுக்கும் நடுவே சென்சார்கள் ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ள அருமையானது. 10 கி.மீ. ஒரே தாண்டலுக்கு அல்ல.

கீச்சுக் குரல்

லோராவில் ஒவ்வொரு குறியும் கீழ் அதிர்வெண்ணிலிருந்து மேலே வழுக்கிப் போகும் ஒரு கீச்சு. எவ்வளவு மெதுவாக வழுக்குகிறது என்பதை எஸ்.எஃப். (விரிப்புக் காரணி) என்ற, 7 முதல் 12 வரையிலான ஓர் எண் சொல்லும். எஸ்.எஃப். 7 இரைச்சலைவிட 7.5 டெசிபெல் தாழ்ந்திருந்தாலும் கேட்கும், எஸ்.எஃப். 12 இரைச்சலைவிட 20 டெசிபெல் தாழ்ந்திருந்தாலும் கேட்கும். 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் உணர்திறன், அதாவது கேட்கக்கூடிய மிக மெல்லிய சிக்னல், மைனஸ் 137 டி.பி.எம். அளவுக்குப் போகும். மற்ற எந்த மோடமும் செத்துப்போகும் இடத்தில் இது உயிரோடு இருக்கும். தூரப் பந்தயம் என்றால் கோப்பை இதற்குத்தான்.

இப்போது கடிகாரத்தைப் பாருங்கள். 20 பைட் அனுப்ப எஸ்.எஃப். 7-க்கு 57 மில்லிவிநாடி போதும். எஸ்.எஃப். 12-க்கு 1.3 விநாடி. ஐரோப்பாவின் 868 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் பல பகுதிகளில் நூற்றில் ஒரு பங்கு நேரம்தான் பேசலாம் என்று விதி. அப்படியென்றால் ஒரு முறை 20 பைட் அனுப்பிவிட்டு இரண்டு நிமிடத்துக்கு மேல் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். 20 நிலையங்களை வரிசையாகக் கூப்பிட்டு மோட்பஸில் விசாரிக்கும் பழக்கத்தை இதன்மேல் ஏற்றினால் எறும்பின் தலையில் மூட்டையை வைத்த கதைதான். அப்படி ஏற்றிவிட்டு "லோரா சரியில்லை" என்று சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். லோராவின்மேல் தவறில்லை.

இன்னொன்று, லோராவின்மேல் அமைந்த நெட்வொர்க் முறையான லோராவானில் பேட்டரியில் ஓடும் ஏ வகுப்புக் கருவி, தான் பேசி முடித்த பிறகு இரண்டு சின்ன ஜன்னல்களில் மட்டுமே காது கொடுக்கும். மற்ற நேரம் தூக்கம். அதனால்தான் பேட்டரி வருடக்கணக்கில் நிற்கிறது. அதனாலேயே "வால்வை மூடு" என்ற கட்டளை, அது அடுத்து எழுந்து பேசும்வரை வாசலில் காத்திருக்கும். இது கெடும் விதமும் தனி: பெரும்பாலும் ஒப்புகை கேட்காமல் அனுப்புவதால், தொலைந்தது தொலைந்ததாகவே போகும், யாருக்கும் தெரியாது. 10 நிமிடத்துக்கு ஒரு முறை மண் ஈரம் சொல்லும் சென்சாருக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. பம்பை நிறுத்த வேண்டிய இடத்தில் இருக்கிறது.

விரிக்காமல் இருந்தால் என்ன?

விவரத்தாள்களில் நான்காவதாக வந்ததை நான் எளிதில் ஒதுக்க மாட்டேன். உரிமம் பெற்ற 12.5 கிலோஹெர்ட்ஸ் வரிசை, சில வாட் பலம், 9600 அல்லது 19200 பிட் வேகம். அகலம் குறைவு என்பதால் உள்ளே வரும் இரைச்சலும் குறைவு. 400-களின் மெகாஹெர்ட்ஸில் இருக்கும் அதிர்வெண், மேடு பள்ளத்தையும் மரங்களையும் 2.4 கிகாஹெர்ட்ஸைவிட நன்றாகச் சமாளிக்கும். விண்ணப்பம், காத்திருப்பு, ஆண்டுக் கட்டணம் எல்லாம் உண்டு. கெடும் விதம்: அதே வரிசையில் வேறொருவர் வந்தால் ஓடி ஒளிய இடமில்லை. ஆனால் புகார் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. உரிமமில்லாப் பட்டையில் நிலைமை தலைகீழ். எந்த இடைஞ்சலையும் தாங்கிக்கொள்ள வேண்டும், யாருக்கும் இடைஞ்சல் தரவும் கூடாது என்பதே அங்கே நுழைவதற்கான நிபந்தனை. தொழில்நுட்பத்தைவிட இந்த வித்தியாசம் பெரியது என்பது என் எண்ணம். கோளாறு வந்தால் அபராதம் கட்ட வேண்டிய ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டிருந்தால் உரிமத்தைப் பற்றி யோசியுங்கள்.

செல்பேசி மோடத்தைப் பற்றிச் சுருக்கமாக: கவரேஜ் இருந்தால் வேலையை முடிக்க அதுதான் சீக்கிரம். ஆனால் கோபுரம் உங்களுடையதல்ல. அமெரிக்காவில் 2022-க்குள் பெரிய நிறுவனங்கள் 3ஜி-யை மூடியபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோடங்கள் கழற்றப்பட வேண்டியதாயிற்று. பகுதி முழுக்க மின்சாரம் போகும் நாளில் கோபுரத்தின் பேட்டரியும் இறங்கும். பெரும்பாலும் அதே நாளில்தான் உங்களுக்குத் தகவல் அவசரமாகத் தேவைப்படும்.

மோடத்துக்கு வெளியே தோற்பது

இவ்வளவு அலசிவிட்டு, பத்து மீட்டர் கேபிளில் எல்லாவற்றையும் கோட்டை விடுவது சர்வ சாதாரணம். ஆகவே கணக்கைக் கையில் போட்டுப் பாருங்கள், கஷ்டமில்லை.

900 மெகாஹெர்ட்ஸில் 10 கி.மீ. வெட்டவெளி இழப்பு 111.5 டெசிபெல். 1 வாட் என்பது 30 டி.பி.எம். இரு பக்கமும் 6 டெசிபெல் ஆன்டெனா, இரு பக்கமும் கேபிளில் 2 டெசிபெல் இழப்பு. கூட்டிக் கழித்தால் மறுமுனையில் மைனஸ் 73.5. மோடத்தின் உணர்திறன் மைனஸ் 106 என்றால், கையிருப்பு 32 டெசிபெல். 20-க்குக் கீழே போனால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். 2.4 கிகாஹெர்ட்ஸில் அதே தூரத்துக்கு இழப்பு 120. கையிருப்பில் எட்டரை போய்விட்டது. வெட்டவெளியில் 6 டெசிபெல்லுக்குத் தூரம் இரு மடங்காகும் என்பதை நினைவில் வைத்தால், எட்டரை சின்ன விஷயமில்லை என்பது புரியும்.

இப்போது கேபிள். ஆர்.ஜி. 58 என்ற மெல்லிய கேபிளை 20 மீட்டர் இழுத்தால் 900 மெகாஹெர்ட்ஸில் சுமார் 10 டெசிபெல் போய்விடும். அதாவது 1 வாட்டில் 0.1 வாட்தான் மேலே ஏறும். கைவிரல் தடிமனில் இருக்கும் குறைந்த இழப்புக் கேபிளில் இது இரண்டரை, மூன்று டெசிபெல்லோடு நிற்கும். தாவலா விரிப்பா என்று ஒரு வாரம் வாதாடிக் கிடைக்கும் லாபத்தைவிட இது பெரிது. கேபிள் நுனியில் தண்ணீர் புகாமல் ரப்பர் டேப் சுற்றாவிட்டால் அடுத்த மழையில் அதுவும் போகும்.

"அந்தக் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிறதே" என்பதும் போதாது. அலை நூல் பிடித்த மாதிரி போவதில்லை, நடுவில் உப்பலாகப் போகும். 10 கி.மீ. பாதையின் நடுவில் 900 மெகாஹெர்ட்ஸுக்கு அந்த உப்பலின் ஆரம் 29 மீட்டர். அதில் 60 விழுக்காடாவது, அதாவது 17 மீட்டராவது, தடையில்லாமல் இருக்க வேண்டும். இங்கே மட்டும் 2.4-க்கு ஒரு வசதி உண்டு, அதற்கு ஏறத்தாழ 11 மீட்டர் போதும். இழப்பில் தோற்றது உயரத்தில் கொஞ்சம் ஜெயிக்கிறது. ஆனால் மரம் வந்தால் மறுபடி தோற்கும், ஈர இலை 2.4-க்கு ஆகவே ஆகாது. இலை உதிர்ந்த பருவத்தில் சோதித்துக் கையெழுத்தான ஓர் இணைப்பு, தளிர் விட்ட பிறகு தினமும் காலைப் பனியில் ஒரு மணி நேரம் காணாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். வெயில் ஏறி இலை காய்ந்ததும் தானாகத் திரும்பி வந்துவிடும். ஆள் போய்ச் சேரும்போது எல்லாம் சரியாக இருக்கும்.

ஆன்டெனாவில் கவனிக்க ஒன்று உண்டு. 1 வாட்டோடு 6 டெசிபெல் ஆன்டெனா என்பது எஃப்.சி.சி.யின் எல்லை. 9 டெசிபெல் மாட்டினால் அனுப்பும் பலத்தை 3 குறைக்க வேண்டும். அப்படியானால் பெரிய ஆன்டெனா எதற்கு என்று கேட்பார்கள். சிக்னலை வாங்குவதற்கு எல்லை கிடையாது. அனுப்புவதில் கூடாத அந்த 3 டெசிபெல் வாங்குவதில் முழுசாகக் கிடைக்கும். பக்கவாட்டு இடைஞ்சலும் குறையும்.

பட்டை எது என்பதை வாங்கும் முன்பே பாருங்கள். 902–928 வட அமெரிக்காவுக்கானது. ஆஸ்திரேலியாவில் 915–928, ஐரோப்பாவில் 863–870, இந்தியாவில் 865–868. 2.4 மட்டும் ஏறக்குறைய எங்கும் செல்லும். ஜி.எஸ்.எம். 900 இருக்கும் நாடுகளில் 890 முதல் 915 வரை கைபேசிகள் கோபுரத்தை நோக்கிப் பேசும் இடம். அமெரிக்க மோடத்தை அப்படியே கொண்டுவந்து ஆன் செய்தால் 902–915 பகுதியில் கோபுரத்தின் காதிலேயே கத்துகிறீர்கள் என்று அர்த்தம். ஆள் தேடி வருவார்கள்.

தாவும் ஒழுங்கு ரகசியம், அதனால் பாதுகாப்பு என்று நம்பி யாராவது ஏ.இ.எஸ். மறையாக்கத்தை அணைத்து வைத்திருந்தால் ஆன் செய்யச் சொல்லுங்கள். அதே மாதிரி மோடத்தைக் கடையில் வாங்கும் எவரிடமும் அதே சுருள் இருக்கிறது. நெட்வொர்க் எண்ணைத் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே விட்டால், பக்கத்தில் வரும் அதே மாடல் மோடம் உங்கள் மாஸ்டரைத் தன் மாஸ்டர் என்று நினைத்து ஒட்டிக்கொள்ளும்.

அந்தப் பம்புக்கு எது?

சோம்பலாகப் பேசும் பல நிலையங்கள், சிறு தகவல், வெட்டவெளி, கட்டளை போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும் என்றால் ஒரு கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே தாவும் மோடம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நேரெதிர் பார்வையும் கேமராவும் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸில் ஓ.எஃப்.டி.எம். பாலம். மின்சாரமே இல்லாத இடத்தில் எப்போதாவது ஒரு எண் சொன்னால் போதும் என்றால் லோரா. 2.4-ல் விரிக்கும் மோடத்தை இன்று வெளியிடத் தூர இணைப்புக்குப் புதிதாக வாங்கச் சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் ஓடட்டும்.

வாங்கும் முன் இரண்டு மோடங்களை இரவல் கேட்டு அதே இடத்தில் ஒரு வாரம் ஓட்டுங்கள். சிக்னல் எத்தனை டி.பி.எம். என்பதைக் குறித்துக்கொண்டு மறந்துவிடலாம். மறு அனுப்பல் எத்தனை என்ற எண்ணை மணிவாரியாக எழுதி வையுங்கள். மாலை 6 முதல் 10 வரை அது ஏறினால் பக்கத்து வைஃபைகள் விழித்திருக்கின்றன. பம்பு ஓடும்போது மட்டும் ஏறினால் ரேடியோவை விட்டுவிட்டு மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் எர்த் இணைப்பையும் பாருங்கள்.

அந்த 10 கி.மீ. இணைப்புக்கு நாங்கள் போட்டது தாவும் மோடம்தான். 30 விநாடிக்கு ஒரு முறை தொட்டியைக் கேட்கும். தொடர்ந்து மூன்று முறை பதில் இல்லையென்றால், கடைசியாகத் தெரிந்த நீர்மட்டத்தை வைத்துத் தொட்டி நிரம்ப எத்தனை நிமிடம் ஆகும் என்று பி.எல்.சி. கணக்குப் போட்டு, அதில் பாதி நேரம் மட்டும் பம்பை ஓட்டி நிறுத்தும். மூன்றா ஐந்தா என்று ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை போட்டோம், மோடம் எது என்பதற்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. தொட்டியின் நுழைவாயில் வால்வில் ஒரு மிதவையும் இருக்கிறது, ரேடியோ என்ன சொன்னாலும் தண்ணீர் ஏறினால் மூடிக்கொள்ளும்.